துப்பாக்கியின் எடை இருக்கட்டும், தோட்டாவின் எடை என்ன?

இன்சாஸ், ஏ.கே-203, சிக்-716... இதில் எது பெஸ்ட்? யூடியூபில் தேடினால் நீளம், எடை, நிமிடத்துக்கு எத்தனை ரவுண்டு என்று டேபிள் போட்டுக் காட்டுவார்கள். புனேயில் ஓய்வுபெற்ற ராணுவத்தினருக்குப் பஞ்சமில்லை. காலாட்படையில் இருந்தவர்களிடம் இதையே கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் போகும். எத்தனை கிலோ தோட்டாவைத் தூக்கிக்கிட்டு மலை ஏறணும்? கடுங்குளிரில் சுடுமா, ஜாம் ஆகுமா?

முதல் கேள்விக்குக் கணக்கே போடலாம். இன்சாஸின் 5.56×45 மி.மீ தோட்டா ஒன்று சுமார் 12 கிராம். ஏ.கே-203-க்கான 7.62×39 சுமார் 16 கிராம். சிக்-716-க்கான 7.62×51 சுமார் 24 கிராம். 200 ரவுண்டு என்றால் முறையே 2.4, 3.2, 4.8 கிலோ, மேகசின் எடை தனி. சிக் வைத்திருப்பவர் இன்சாஸ்காரரைவிட 2.4 கிலோ அதிகம் சுமக்கிறார். அந்த எடைக்கு இரண்டு லிட்டருக்கும் மேல் குடிதண்ணீர் கொண்டுபோகலாம்.

பழைய 7.62 எஸ்.எல்.ஆரை விட்டு 5.56-க்கு ராணுவம் மாற இந்த எடையும் ஒரு காரணம். இன்சாஸை வடிவமைத்தது புனே பாஷாணில் உள்ள டி.ஆர்.டி.ஓ-வின் ஏ.ஆர்.டி.இ ஆய்வகம். இஷாப்பூரோடு நம்ம திருச்சி தொழிற்சாலையிலும் அது தயாரானது.

இரண்டாவது கேள்வியில்தான் இன்சாஸ் மாட்டிக்கொண்டது. 1999 கார்கில் போரின்போது குளிரில் மேகசின் விரிசல் விட்டது, துப்பாக்கி ஜாம் ஆனது என்று புகார்கள் வந்தன. 2005 ஆகஸ்டில் நேபாளத்தின் காலிகோட்டில் மாவோயிஸ்டுகளிடம் 43 வீரர்களை இழந்த நேபாள ராணுவமும் இன்சாஸைக் குறை சொன்னது. சரியாகப் பராமரிக்கவில்லை என்றது இந்தியத் தரப்பு. பிறகு திருத்தங்கள் செய்தார்கள். ஆனாலும் காஷ்மீரில் கைகள் ஏ.கே-47-ஐத்தான் தேடின. நம்பிக்கை என்ற காலம் எந்த டேபிளிலும் இல்லையே!

இப்போது மறுபடியும் 7.62. பிப்ரவரி 2019-இல் 72,400 சிக்-716-க்கு ஒப்பந்தம். டிசம்பர் 2021-இல், அமேதி அருகே கோர்வாவில் தயாரிக்க 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே-203. இரண்டையும் வெறும் ‘7.62’ என்று எழுதும் செய்திகளை நம்பாதீர்கள். முதல் எண் குழலின் உள்விட்டம், அடுத்தது கூட்டின் நீளம். 39-க்கான துப்பாக்கியில் 51-ஐப் போடவே முடியாது. திறம்படச் சுடும் தூரமும் வேறு: ஏ.கே-203-க்கு சுமார் 300 மீட்டர், சிக்-716-க்கு 500. இன்சாஸ் முழுசா விடைபெறும்வரை எந்தச் சாவடிக்கு எந்தப் பெட்டி என்று மூன்று வகைத் தோட்டாக்களைப் பிரித்து அனுப்பியாக வேண்டும். ஒரு பெட்டி மாறிப்போனால் அங்கே இருப்பவர் கையில் வெறும் இரும்புதான்.

ஜனவரி 2024-இல் அதே ஏ.ஆர்.டி.இ, ஹைதராபாத்தின் த்விபா ஆர்மருடன் சேர்ந்து ‘உக்ரம்’ துப்பாக்கியை புனேயில் அறிமுகப்படுத்தியது. 7.62×51, 4 கிலோவுக்குக் குறைவு, 500 மீட்டர், 100 நாளுக்குள் உருவானது. இதில் தலைப்பு ஆனது அந்த 100 நாள்தான். வேகம் சரி. அடுத்து உக்ரம் பற்றிச் செய்தி வந்தால், எத்தனை டிகிரி குளிரில் சோதித்தார்கள், எத்தனை ரவுண்டுக்கு ஒருமுறை நின்றது என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.