வெட்டிய குட்டையில் தண்ணீர் நிற்கவில்லையா? ஷீட் விரிக்கும் முன் ஒரு வாளி போதும்!

மழை பெய்தது, புதுசா வெட்டிய பண்ணைக்குட்டையும் நிறைந்தது. ஆனால் சில வாரத்திலேயே பாதி தண்ணீர் காணோம்! திருப்பூர் மாவட்டம் குண்டடம் போன்ற வறட்சிப் பகுதி விவசாயிகளுக்கு இது பெரிய கவலை. குட்டையில் ஓட்டையா, வெயில் குடித்துவிட்டதா? பிளாஸ்டிக் ஷீட் விரித்தால் சரியாகிவிடுமா? விரிவாகப் பார்க்கலாம்.

குண்டடத்தில் ஏன் இது முக்கியம்?

பல்லடம் - தாராபுரம் சாலையில் இருக்கிறது குண்டடம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி என்பதால், வடகிழக்குப் பருவமழைதான் பெரிய நம்பிக்கை. பக்கத்தில் உள்ள உப்பாறு அணைக்கு பிஏபி எனப்படும் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத் தண்ணீரைத் திறக்கச் சொல்லி விவசாயிகள் பலமுறை போராடியிருக்கிறார்கள். வாய்க்கால் தண்ணீரும் முறை வைத்துத்தான் வரும். அதனால் கிடைக்கிற மழையைத் தோட்டத்திலேயே பிடித்து வைக்கும் பண்ணைக்குட்டைக்கு இங்கே மதிப்பு அதிகம்.

30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில், கரை சரிவாக இருக்கும்படி வெட்டிய குட்டையை எடுத்துக்கொள்வோம். இதில் சுமார் 14.6 லட்சம் லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நிறைந்த குட்டையில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே 9,000 லிட்டர் போய்விட்டது என்று அர்த்தம்.

தண்ணீர் எங்கே போகிறது?

இரண்டே வழிதான். ஒன்று மேலே, ஆவியாக. இன்னொன்று கீழே, கசிவாக.

பாலக்காட்டு கணவாய் வழியாக வரும் காற்று இந்தப் பகுதியில் பலமாக வீசும். காற்றாலைகள் இங்கே வரிசைகட்டி நிற்பதற்கும் அதுதான் காரணம். அதே காற்று, வெயிலோடு சேர்ந்து குட்டைத் தண்ணீரையும் உறிஞ்சும். திறந்த நீர்ப்பரப்பில் நாளொன்றுக்கு 5 முதல் 8 மில்லிமீட்டர் வரை ஆவியாவது சாதாரணம்.

கசிவு மண்ணைப் பொறுத்தது. வெட்டும்போது சரளையோ, வெடிப்புள்ள சுக்காம்பாறையோ தட்டுப்பட்டால் தண்ணீர் அந்த வழியாக இறங்கிவிடும். களிமண் அதிகமுள்ள கரிசல் மண் ஈரத்தில் உப்பி அடைத்துக்கொள்ளும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து, அடுத்த மழையின் முதல் தண்ணீரை விழுங்கிவிடும். கரையைச் சரியாக இறுக்காமல் விடுவது, எலி, நண்டு வளைகள், மர வேர்கள் எல்லாமே கசிவுக்குக் காரணம். புதுக் குட்டையில் கசிவு கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும். வண்டல் படியப் படிய குறையும்.

வாளி சோதனை செய்வது எப்படி?

- மழை இல்லாத நாளில், மோட்டார் ஓட்டாமல், குட்டைக்குத் தண்ணீர் வரத்து இல்லாதபோது செய்ய வேண்டும். ஆடு மாடுகளையும் அன்றைக்கு விடக்கூடாது.
- ஒரு வாளியில் கல் போட்டு, குட்டைக்குள் பாதிக்கு மேல் முங்கும்படி அசையாமல் வைக்க வேண்டும்.
- வாளிக்குள் குட்டை மட்டத்துக்கே தண்ணீர் ஊற்றி, உள்ளே ஒரு கோடு, வெளியே ஒரு கோடு போட வேண்டும்.
- 24 மணி நேரம் கழித்து இரண்டு மட்டத்தையும் அளக்க வேண்டும்.

வாளிக்குள் குறைந்தது ஆவி. குட்டையில் கூடுதலாகக் குறைந்தது கசிவு. உதாரணமாக வாளியில் 7 மில்லிமீட்டர், குட்டையில் 30 மில்லிமீட்டர் இறங்கினால், கசிவு மட்டும் 23 மில்லிமீட்டர். அதாவது நாளொன்றுக்கு 20,000 லிட்டருக்கும் மேல்! இதே வேகத்தில் போனால் இரண்டு மாதம் சொச்சத்தில் தரை தெரிந்துவிடும். ஆவி மட்டும் என்றால் ஒன்பது மாதம் தாங்கும்.

கசிவை அடைப்பது எப்படி?

செலவு குறைந்ததில் இருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம்.

குட்டை வற்றியதும், லேசான ஈரப்பதத்தில் தரையைக் கிளறி ரோலர் விட்டு இறுக்கலாம். செம்மறி ஆட்டு மந்தையை இறக்கி மிதிக்க விடுவதும் பலன் தரும். களிமண் போதவில்லை என்றால், ஏரி, குளத்து வண்டல் மண்ணைக் கொண்டுவந்து 15 சென்டிமீட்டர் அடுக்குகளாக, மொத்தம் 30 சென்டிமீட்டர் வரை போட்டு இறுக்கலாம். அரசு நீர்நிலைகளில் இருந்து விவசாயத்துக்கு வண்டல் எடுக்க வட்டாட்சியரிடம் அனுமதி பெற வேண்டும்.

அதற்கும் நிற்காவிட்டால் பென்டோனைட் களிமண். சதுர மீட்டருக்கு 5 முதல் 15 கிலோ வரை தேவைப்படும் என்பதால் பெரிய குட்டைக்கு டன் கணக்கில் வாங்க வேண்டியிருக்கும். கடைசி வழிதான் 500 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட். மேலே சொன்ன அளவுக்கு 1,000 சதுர மீட்டருக்கு மேல் ஷீட் வேண்டும். மானியம் பற்றி தோட்டக்கலைத் துறையிலோ வேளாண்மைப் பொறியியல் துறையிலோ முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஷீட் போட்ட குட்டையின் சரிவு வழுக்கும். தவறி விழுந்தவர் ஏறிவர முடியாது. சுற்றிலும் வேலியும், உள்ளே முடிச்சுப் போட்ட கயிறும் கட்டாயம்.

கசிவு எல்லாமே நஷ்டமா?

இல்லை. இந்தப் பகுதியில் அடியில் இருப்பது கடினப் பாறை. அதன் மேல்மண்ணிலும் வெடிப்புகளிலும் தேங்கும் தண்ணீர்தான் கிணற்றுக்கு வருகிறது. குட்டையில் கசிந்த தண்ணீர் கீழ்ப்பக்கக் கிணற்றில் ஊறினால் அது வீண் இல்லை, இடம் மாறிய தண்ணீர். கசிவுநீர்க் குட்டைகள் வெட்டுவதே இதற்குத்தான்.

ஷீட் விரித்தால் இந்த ஊற்று நின்றுவிடும். ஆவியாவதோ நிற்காது. மகாராஷ்டிராவில் 2016-ல் பண்ணைக்குட்டைத் திட்டம் பெரிய அளவில் தொடங்கியபோது, பலர் ஷீட் விரித்த குட்டைகளை மழைக்குப் பதிலாக போர்வெல் தண்ணீரால் நிரப்பினார்கள். நிலத்தடியில் பத்திரமாக இருந்த தண்ணீரை வெயிலில் காயப்போட்ட கதையாகிவிட்டது என்று நீரியல் ஆய்வாளர்கள் விமர்சித்தனர்.

அப்படியானால் என்ன செய்வது?

குட்டை எதற்கு என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். முறைத் தண்ணீரைச் சேமித்து சொட்டுநீருக்கு விடவா? அப்படியென்றால் கசிவை அடைக்கலாம். கிணறு ஊறவா? அப்படியென்றால் வண்டலை மட்டும் அவ்வப்போது எடுத்துவிட்டு, கசிவைக் கசிய விடலாம். ஆவியைக் குறைக்க, குட்டையைப் பரப்பாமல் ஆழமாக வெட்டுவதும், காற்று வரும் மேற்குப் பக்கம், வேர் எட்டாத தூரத்தில் மரம் வைப்பதும் உதவும்.

ஷீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், ஒரே ஒரு நாள் குட்டைக்குள் வாளியை வைத்துப் பார்த்தால் போதும். காசு எங்கே போட வேண்டும், போடவே வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.