சராசரி வேக கேமரா: தொப்பூருக்குச் சரி, ஏற்காடு மலைப்பாதைக்கு?

நெடுஞ்சாலையில் கேமரா கம்பத்தைக் கண்டதும் பிரேக்கை அழுத்துவது, தாண்டியதும் ஆக்சிலரேட்டரை மிதிப்பது. பலருக்கும் இது பழகிப்போன விஷயம். "முன்னாடி கேமரா இருக்கு, மெதுவா போ" என்று பக்கத்து சீட்டில் இருப்பவரே சொல்லிவிடுவார். இந்தத் தந்திரம் சராசரி வேக கேமராவிடம் பலிக்காது.

எப்படி வேலை செய்கிறது?

சாலையில் இரண்டு இடங்களில் கேமரா இருக்கும். வண்டியின் நம்பரையும், கடந்த நேரத்தையும் இரண்டும் பதிவு செய்யும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வந்துவிடும். உதாரணமாக, 60 கி.மீ. வேக வரம்புள்ள 10 கி.மீ. சாலையைக் கடக்க 10 நிமிடமாவது ஆக வேண்டும். ஏழரை நிமிடத்தில் வந்தால் வேகம் 80. இரண்டு கம்பத்துக்கு அடியிலும் ஊர்ந்து போயிருந்தாலும் மாட்டிக்கொள்வீர்கள்.

ஓட்டும் விதம் மாறுகிறதா?

மாறுகிறது என்கிறது பிரிட்டன் அனுபவம். அங்கு 2016-ல் ஆர்.ஏ.சி. அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வின்படி, நிரந்தர சராசரி வேக கேமரா வைத்த சாலைகளில் உயிரிழப்பு, பலத்த காயம் ஏற்படுத்தும் விபத்துகள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால், உயிர்ப்பலி விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் சிறிய மாற்றமும் உயிர் காக்கும்.

இந்தியாவில் மும்பை - புனே விரைவுச்சாலையில் 2024 முதல் இம்முறை நடைமுறையில் உள்ளது.

தமிழ்நாட்டுக்குத் தேவையா?

2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் (64,105) பதிவானது தமிழ்நாட்டில்தான். 17,884 பேர் உயிரிழந்தனர். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் உள்ள தொப்பூர் கணவாயை எடுத்துக்கொள்வோம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கும் லாரிகள், பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள் மீது மோதுவது அங்கே தொடர்கதை. இறக்கம் முழுக்க வேகத்தை அளக்கும் கேமரா அங்கே பொருத்தமான கருவி.

ஏற்காட்டுக்கு?

அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இங்கே யாருடைய சராசரியும் இயல்பாகவே குறைவு. நேர்ப்பாதையில் சீறி, வளைவில் முந்தியவர், நடுவில் 10 நிமிடம் டீ குடித்தால் போதும், கணக்கில் 'நல்ல ஓட்டுநர்' ஆகிவிடுவார். 2024 ஏப்ரல் 30 அன்று தனியார் பேருந்து கவிழ்ந்து பலர் உயிரிழந்த பாதை இது. இங்கே ஆபத்து வளைவுகளில் இருப்பதால், அந்தந்த இடத்து வேகத்தை அளக்கும் கேமரா, உறுதியான தடுப்புச்சுவர், ஏறிய கியரிலேயே இறங்கும் பழக்கம் ஆகியவையே கைகொடுக்கும்.

கேமரா மட்டும் போதுமா?

போதாது. மோட்டார் வாகன விதி 167ஏ-படி, கேமரா இருப்பதை முன்கூட்டியே அறிவிப்புப் பலகை சொல்ல வேண்டும். 15 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும். காருக்கு ரூ.1,000 முதல் ரூ.2,000 வரை அபராதம் உண்டு. ஆனால் "வந்தா பாத்துக்கலாம்" என்று செலானைக் கட்டாமல் விட முடிகிறவரை, எந்தக் கேமராவும் வெறும் கம்பம்தான். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்க வைப்பது, கட்டாயம் பிடிபடுவோம் என்ற எண்ணமே.