தூசியைத் துடைக்க மண்ணை அள்ளிப்போட்ட விண்கலம்: செவ்வாயின் மண் எப்படிப்பட்டது?

தூசி படிந்த டி.வி-யைச் சுத்தம் செய்ய, யாராவது ஒரு கைப்பிடி மணலை அள்ளி அதன் பக்கத்தில் கொட்டுவார்களா? வீட்டில் அப்படிச் செய்தால் திட்டுதான் விழும். ஆனால், 2021-ம் ஆண்டு மே மாதம் நாசா பொறியாளர்கள் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தார்கள். செய்த இடம், செவ்வாய் கிரகம்.

அங்கே 'இன்சைட்' என்ற விண்கலம் இருந்தது. 2018 நவம்பர் 26 அன்று எலிசியம் சமவெளியில் தரையிறங்கிய கலம் அது. அதற்குச் சக்கரம் கிடையாது. இறங்கிய இடத்திலேயே உட்கார்ந்து, செவ்வாயின் நிலநடுக்கங்களைப் பதிவு செய்வதுதான் முக்கிய வேலை. சாப்பாடு சூரிய ஒளி. இரண்டு பக்கமும் விசிறி மாதிரி விரிந்த வட்டமான சோலார் பேனல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.2 மீட்டர் அகலம்.

இறங்கிய புதிதில் இந்தப் பேனல்கள் ஒரு நாளைக்குச் சுமார் 5,000 வாட்-மணி மின்சாரம் தந்தன. நம்மூர் கரன்ட் பில் கணக்கில் 5 யூனிட். பிறகு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூசி படிந்தது. உற்பத்தி சரிந்துகொண்டே வந்தது. பேனல்களை அசைத்துப் பார்த்தும் பலன் இல்லை. அப்போதுதான் அந்த விநோத யோசனையைக் கையில் எடுத்தார்கள்.

கலத்தின் இயந்திரக் கை, தரையிலிருந்து மணலை அள்ளியது. பேனலின் மேலேயே கொட்டாமல், அதற்குப் பக்கத்தில், காற்று வரும் திசை பார்த்து மெதுவாகத் தூவியது. காற்று அந்த மணல் துகள்களைப் பேனல் மேல் உருட்டிக்கொண்டு போனது. துள்ளித் துள்ளிப் போன பெரிய துகள்கள், ஒட்டிக்கிடந்த பொடித் தூசியையும் தட்டிக் கிளப்பிக் கூட்டிச் சென்றன. விளைவு, ஒரு நாளைக்குச் சுமார் 30 வாட்-மணி கூடுதல் மின்சாரம். 9 வாட் எல்.இ.டி பல்பு ஒன்றை மூன்று மணி நேரம் எரிக்கலாம், அவ்வளவுதான். ஆனால், உயிருக்குப் போராடும் கலத்துக்கு அதுவே பெரிய விஷயம்.

வைப்பர் வைத்திருக்கலாமே?

கார் கண்ணாடிக்கு இருப்பது போல ஒரு வைப்பர் வைத்து அனுப்பியிருந்தால் இந்தச் சிரமமே இல்லையே என்று தோன்றும். நாசாவிடம் பலர் கேட்ட கேள்விதான் இது. வைப்பர் என்றால் மோட்டார் வேண்டும், எடை கூடும், செலவு கூடும், பழுதாக இன்னொரு பாகமும் சேரும். இன்சைட்டின் திட்ட ஆயுள் பூமிக் கணக்கில் சுமார் 2 ஆண்டுகள். அதுவரை தூசி படிந்தாலும் தாக்குப்பிடிக்கும்படி பேனல்களைப் பெரிதாகவே செய்துவிட்டார்கள். சிக்கல் வந்தது அந்த ஆயுளையும் தாண்டி அது வேலை செய்தபோதுதான்.

சரி, ஒரு கலத்தையே முடக்கும் அந்தத் தூசி எப்படிப்பட்டது? செவ்வாயின் காற்றில் மிதக்கும் தூசித் துகளின் சராசரி அகலம் சுமார் 3 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. இவ்வளவு பொடியாக இருப்பதால் ஒருமுறை கிளம்பினால் எளிதில் கீழே இறங்காது. நிலைமின்சாரமும் சேர்ந்துகொள்வதால், படிந்த இடத்தைவிட்டு நகரவும் நகராது.

அங்கே பகலில் வானம் வெளிறிய பழுப்பாகவும், சூரியன் மறையும் நேரத்தில் அதைச் சுற்றி மட்டும் நீலமாகவும் தெரிவதற்குக் காரணம் இந்தத் தூசிதான்.

சிவப்பு, தோலோடு சரி

செவ்வாய் என்றாலே சிவப்பு. மண்ணில் இருக்கும் இரும்பு துருப்பிடித்ததால் வந்த நிறம் அது. 2025-ல் வெளியான ஓர் ஆய்வு, அந்தத் தூசியில் முக்கியமாக இருப்பது 'ஃபெரிஹைட்ரைட்' என்ற, நீரைத் தனக்குள் வைத்திருக்கும் இரும்புத் தாது என்கிறது. அது உருவாகக் குளிர்ந்த தண்ணீர் தேவை. அப்படியென்றால், செவ்வாய் சிவந்தது அங்கே தண்ணீர் இருந்த காலத்தில்.

ஆனால், இந்தச் சிவப்பு மேல்பூச்சுதான். 2013 பிப்ரவரியில் கியூரியாசிட்டி ரோவர் அங்கே ஒரு பாறையில் முதன்முறையாகத் துளையிட்டபோது, உள்ளேயிருந்து வந்தது சாம்பல் நிறப் பொடி. அதற்கு முந்தைய ஆண்டே மணலை அள்ளி எக்ஸ்ரே கருவியில் சோதித்திருந்தது கியூரியாசிட்டி. ஹவாய் தீவுகளில் எரிமலைப் பாறை சிதைந்து உருவான மண்ணைப் போலவே அது இருந்தது. பொடி மண்ணைச் சூடாக்கியபோது எடையில் சுமார் 2 சதவிகிதம் தண்ணீர் ஆவியாக வெளிவந்தது.

இவையெல்லாம் திட்டமிட்டுச் செய்த சோதனைகள். செவ்வாய் மண்ணின் உண்மையான குணத்தை விஞ்ஞானிகள் தெரிந்துகொண்டது, எந்திரங்கள் அதில் மாட்டிக்கொண்டு திண்டாடியபோதுதான்.

இறங்க மறுத்த முளை

இன்சைட்டிலேயே அப்படி ஒரு கதை உண்டு. ஜெர்மனி விண்வெளி மையம் செய்துகொடுத்த ஒரு கருவியை அது கொண்டுபோயிருந்தது. சுமார் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள, தன்னைத் தானே சுத்தியலால் அடித்துக்கொண்டு பூமிக்குள் இறங்கும் ஆணி போன்ற கருவி. அதற்கு விஞ்ஞானிகள் வைத்த செல்லப்பெயர் 'மோல்', அதாவது மண்ணைக் குடையும் அகழெலி. 5 மீட்டர் ஆழம் வரை இறங்கி, செவ்வாயின் உள்சூட்டை அளக்க வேண்டும் என்பது திட்டம்.

ஆடு, மாடு கட்ட முளை அடிப்பவர்களுக்கு ஒன்று தெரியும். மண் முளையை இறுகப் பிடிக்க வேண்டும். குழி அகலமாகிவிட்டால், எத்தனை அடி அடித்தாலும் முளை ஆடுமே தவிர இறங்காது. மோலுக்கும் அதுதான் நடந்தது. உதிரி மணல் என்றால் சரிந்து வந்து சுற்றிலும் பிடித்துக்கொள்ளும் என்று நம்பித்தான் அதை வடிவமைத்தார்கள். அந்த இடத்து மண்ணோ கட்டியாகி, ஓடு பிடித்திருந்தது. குழியின் சுவர் சரியவே இல்லை. பிடிமானம் கிடைக்காத மோல், அடிக்க அடிக்க எகிறியது.

2019 பிப்ரவரியில் தொடங்கிய போராட்டம் கிட்டத்தட்ட 2 ஆண்டுகள் நீடித்தது. இயந்திரக் கையால் பக்கவாட்டில் அழுத்தினார்கள், மேலேயிருந்து அமுக்கினார்கள், குழிக்குள் மண்ணைத் தள்ளினார்கள். 2021 ஜனவரியில் கடைசியாக 500 அடி அடித்துப் பார்த்தபோது, அதன் தலை தரைக்குக் கீழே 2, 3 சென்டிமீட்டர்தான் போயிருந்தது. அதோடு கைவிட்டார்கள்.

மேலே ஓடு, உள்ளே மாவு

ஓடு பிடித்த அந்த மண் ஏற்கெனவே ஒரு ரோவரைக் காவு வாங்கியிருந்தது. அது 2004 ஜனவரியில் இறங்கிய 'ஸ்பிரிட்'. 2006-ல் அதன் ஆறு சக்கரங்களில் ஒன்று நின்றுபோனது. அந்தச் சக்கரத்தை இழுத்துக்கொண்டே பின்பக்கமாக ஓடியது ஸ்பிரிட். நின்றுபோன சக்கரம் ஏர் உழுததுபோல மண்ணைக் கிளறிக்கொண்டே வந்தது. 2007-ல் அப்படிக் கிளறிய ஓரிடத்தில் பளிச்சென்று வெள்ளை மண் தெரிந்தது. சோதித்துப் பார்த்தால், அதில் சுமார் 90 சதவிகிதம் சிலிக்கா. வெந்நீர் ஊற்றோ, எரிமலை நீராவியோ இருந்த இடத்தில்தான் அப்படிச் சேரும். நல்ல சக்கரங்களோடு ஓடியிருந்தால், அதைத் தாண்டியே போயிருக்கும்.

2009-ல் அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. பார்க்கக் கெட்டியாகத் தெரிந்த தரையில் சக்கரம் ஏறியது, மேலோடு உடைந்தது. உள்ளே இருந்தது மாவு போன்ற சல்பேட் மணல். சக்கரம் சுற்றச் சுற்றப் புதைந்தது. கலிஃபோர்னியாவில் இருக்கும் ஆய்வகத்தில் அதே மாதிரியான மண்ணைக் கலந்து, ஒரு தொட்டியில் கொட்டி, இன்னொரு ரோவரை அதில் புதைத்து மீட்கும் வழியைத் தேடினார்கள். முடியவில்லை. சூரியன் பக்கம் சாய்ந்து நிற்க இயலாததால், குளிர்காலத்தைத் தாங்கும் மின்சாரமும் கிடைக்கவில்லை. 2010 மார்ச் 22-க்குப் பிறகு ஸ்பிரிட் பேசவே இல்லை.

ஆனால், புதைந்த இடத்தில் மாதக்கணக்கில் நின்றதால், அந்த மண்ணை அங்குலம் அங்குலமாக ஆராய முடிந்தது. கரையக்கூடிய தாதுக்கள் சற்று ஆழத்தில் சேர்ந்திருப்பது தெரிந்தது. பனி உருகி, கொஞ்சமாவது நீர் மண்ணுக்குள் கசிந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு விஞ்ஞானிகள் வந்தார்கள்.

சல்லடையில் சிக்கிய மண்

செவ்வாயின் வடதுருவத்தை ஒட்டிய சமவெளியில் 2008 மே மாதம் இறங்கியது 'ஃபீனிக்ஸ்'. அதன் கை, முதல் மண்ணை அள்ளிச் சோதனை அடுப்பின் சல்லடை மேல் கொட்டியது. ஈரம் பட்ட மாவு போல மண் கட்டிகட்டியாக அங்கேயே நின்றுவிட்டது. சல்லடையை நாள்கணக்கில் குலுக்கிய பிறகுதான் அடுப்புக்குள் விழுந்தது.

அந்த மண்ணில் இன்னோர் ஆச்சர்யம் காத்திருந்தது. பூமியிலிருந்து கொண்டுபோன தண்ணீரில் அதைக் கரைத்துப் பார்த்தபோது, அமிலமும் இல்லை, கடும் காரமும் இல்லை. பி.எச் அளவு சுமார் 7.7. கிட்டத்தட்ட வீட்டுத் தோட்டத்து மண் போலத்தான். 'அப்படியென்றால் செடி வளர்க்கலாமே' என்று உற்சாகம் கிளம்பிய சில வாரங்களிலேயே, மண்ணில் 'பெர்குளோரேட்' உப்பு இருப்பதும் தெரியவந்தது. எடையில் சுமார் அரை சதவிகிதம்.

பெர்குளோரேட், ராக்கெட் எரிபொருளிலும் வாணவேடிக்கையிலும் பயன்படும் ரசாயனம். அது உடலுக்குள் போனால், தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும்.

இந்தக் கண்டுபிடிப்பு 32 ஆண்டுப் பழைய புதிர் ஒன்றையும் தூசிதட்டியது. 1976-ல் இறங்கிய இரண்டு வைக்கிங் கலங்களும் உயிரின் தடயம் தேடி, மண்ணைச் சூடாக்கிப் பார்த்தன. கரிமப் பொருள் என்று சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை. குளோரின் கலந்த ஒன்றிரண்டு பொருள்கள் தென்பட்டபோது, 'பூமியில் கருவியைக் கழுவிய திரவத்தின் மிச்சம்' என்று ஒதுக்கினார்கள். சூடாக்கும்போது பெர்குளோரேட் கரிமப் பொருள்களை எரித்துவிடும். ஆகவே, தேடியது அங்கே இருந்து, தேடிய முறையே அதை அழித்திருக்கலாம் என்ற விளக்கம் ஃபீனிக்ஸுக்குப் பிறகுதான் வந்தது.

உருளைக்கிழங்கு விளையுமா?

'தி மார்ஷியன்' படத்தில், செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்ட நாயகன், அந்த மண்ணில் மனிதக் கழிவை உரமாக்கி உருளைக்கிழங்கு விளைவிப்பார். நிஜத்தில் அவர் முதலில் மண்ணைக் கழுவ வேண்டியிருக்கும். நல்லவேளையாக, பெர்குளோரேட் தண்ணீரில் கரையும். ஆனால், மண்ணைக் கழுவும் அளவுக்குத் தண்ணீர் வேண்டுமே!

இன்னொரு குறையும் உண்டு. நம் வயல் மண் வெறும் கல்பொடி கிடையாது. மக்கிய இலை, மண்புழு, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. செவ்வாயில் இதுவரை சோதித்த எந்தப் பிடி மண்ணிலும் உயிர் இருப்பது உறுதியாகவில்லை.

மனிதர்கள் அங்கே போனால் முதல் பிரச்னை வயலில் இல்லை, வாசலில்தான் தொடங்கும். வெளியே போய்வந்தவரின் உடையில் ஒட்டிய தூசி வீட்டுக்குள் வரும். 3 மைக்ரான் தூசி நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடியது. அதில் சிலிக்காவும் உண்டு, பெர்குளோரேட்டும் உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றிப்போடுவதுபோல, உடையையே வெளியில் மாட்டிவிட்டு உள்ளே நுழையும்படியான வடிவமைப்புகளைப் பொறியாளர்கள் யோசிப்பது இதனால்தான்.

பகல் இருண்ட ஜூன்

அதே படம் பயங்கரப் புயலோடு தொடங்கும். உண்மையில் செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் 1 சதவிகிதம்கூட இல்லை. அங்கே சூறாவளி வேகத்தில் காற்று அடித்தாலும் ஆளைத் தள்ளாது. ஆனால், அந்த மெல்லிய காற்று தூசியைக் கிளப்பிக் கிரகத்தையே போர்த்திவிடும். 2018 ஜூனில் அப்படித்தான் நடந்தது.

ஸ்பிரிட்டின் இரட்டையான 'ஆப்பர்ச்சூனிட்டி' அப்போது செவ்வாயில் 14 ஆண்டுகளைக் கடந்திருந்தது. அதற்கு நாசா குறித்த ஆயுள் வெறும் 90 செவ்வாய் நாள்கள். அவ்வப்போது வீசிய காற்று, பேனலைத் துடைத்து அதன் ஆயுளை நீட்டித்துக்கொண்டே வந்தது. கடைசியில், அதே காற்று கிளப்பிய தூசி பகலை இரவாக்கியது. ஜூன் 10-க்குப் பிறகு அதனிடமிருந்து தகவல் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளைகளை அனுப்பிப் பார்த்த நாசா, 2019 பிப்ரவரி 13 அன்று அதற்கு விடைகொடுத்தது. அதுவரை அது ஓடிய தூரம் 45 கிலோமீட்டருக்கும் மேல்.

கடைசி அரை யூனிட்

இன்சைட்டுக்கு அந்த அளவு புயல் தேவைப்படவில்லை. தினசரி படிந்த தூசியே போதுமானதாக இருந்தது. 2022-ன் மத்தியில் 5 யூனிட் அரை யூனிட்டாகச் சுருங்கிவிட்டது. மணல் தூவும் வைத்தியத்தைப் பலமுறை செய்து இழுத்துப்பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், மே 4 அன்று செவ்வாய் குலுங்கியது. இன்சைட் பதிவு செய்ததிலேயே மிகப்பெரிய நடுக்கம், அளவு 4.7. பிறகு மற்ற கருவிகளை நிறுத்திவிட்டு, மிச்ச மின்சாரத்தை நிலநடுக்கமானிக்கே கொடுத்தார்கள். மொத்தம் 1,300-க்கும் மேற்பட்ட நடுக்கங்களைப் பதிவு செய்த அந்தக் கலம், 2022 டிசம்பர் 15-க்குப் பிறகு பேசவில்லை.

அதே டிசம்பரில், செவ்வாயின் இன்னொரு பகுதியில் பெர்சவரன்ஸ் ரோவர் தளர்வான மண்ணை முதன்முறையாகக் குழாய்களில் அடைத்துவைத்தது. பூமிக்குக் கொண்டுவருவதற்காகச் சேகரித்த மண் அது. செவ்வாயின் தரையிலிருந்து ஒரு பிடி மண்கூட இதுவரை பூமிக்கு வந்ததில்லை.

இன்சைட் இப்போதும் எலிசியம் சமவெளியில்தான் இருக்கிறது. 2024 அக்டோபரில், செவ்வாயைச் சுற்றும் நாசாவின் இன்னொரு விண்கலம் மேலேயிருந்து அதைப் படம் பிடித்தது. சுற்றியுள்ள தரையின் நிறத்துக்கே கலம் மாறியிருந்தது. தரையிறங்கியபோது ராக்கெட் எரித்த கறுப்புத் தடமும் வெளுத்திருந்தது. ஆண்டுக்கு எவ்வளவு தூசி படிகிறது, காற்று எவ்வளவைக் கூட்டிச் செல்கிறது என்று அந்தப் படங்களை வைத்து விஞ்ஞானிகள் கணக்கு போடுகிறார்கள். அடுத்துப் போகும் கலத்துக்குப் பேனல் செய்பவர்களுக்கு அந்தக் கணக்கு உதவும்.