சொற்பட்டியல் யாருடையது?

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, தொடக்க ஆண்டுகளின் கணினிகளில் விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே இருந்தன. செஞ்சி வட்டாரத்துக் கிராமங்களில் பல வீடுகளுக்கு அதுவே முதல் கணினி. அத்தகைய கணினியில் லிப்ரே ஆபீஸ் போன்ற செயலியை இரு தளத்திலும் நிறுவலாம். ஆனால் 'பசலை', 'கையறுநிலை' ஆகிய சொற்களை ஒரு தளத்தில் பிழைதிருத்தியின் அகராதியில் சேர்த்துவிட்டு மறு தளத்திற்குப் போனால், அங்கே அவை மீண்டும் சிவப்புக் கோடு தாங்கி நிற்கும்.

காரணம் எளியது. பயனரின் விருப்பங்களை ஒவ்வொரு தளமும் தனித்தனி இடத்தில் வைக்கிறது. விண்டோஸில் 'ஆப்டேட்டா' கோப்புறையும் ரெஜிஸ்ட்ரியும், மேக்கில் 'லைப்ரரி', லினக்ஸில் '.கான்ஃபிக்'. மூன்றுமே இயல்பாகக் கண்ணுக்குத் தெரியாதவை. தமிழில் புள்ளி அகரத்தை மட்டுமே நீக்கும். லினக்ஸில் பெயரின் முன் இட்ட புள்ளி கோப்புறையையே மறைத்துவிடும்.

ஒரு கணினியைப் பலர் பயன்படுத்தும்போது அவரவர் விருப்பம் தனித்திருப்பது முறையே. எல்லா அமைப்புகளும் பயணப்பட வேண்டும் என்பதும் என் வாதமன்று. சாளரத்தின் அளவு, அச்சுப்பொறியின் பெயர் ஆகியவை கணினியைச் சார்ந்தவை. தமிழ்99 விசைப்பலகைத் தேர்வும், சேர்த்து வைத்த சொற்களும் மனிதரைச் சார்ந்தவை. இவ்வேறுபாட்டைத் தளங்களே அறிந்திருக்கின்றன. விண்டோஸ் 'ரோமிங்', 'லோக்கல்' எனப் பிரிக்கிறது. 2003 முதல் லினக்ஸ் உலகில் வழங்கும் எக்ஸ்டிஜி நெறியோ அமைப்பு, தரவு, தற்காலிகச் சேமிப்பு முதலிய வகைகளாகப் பிரிக்கிறது. ஆயினும் பல செயலிகள் அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. கியூட்டி நூலகத்தின் 'கியூசெட்டிங்ஸ்' வசதியை அப்படியே பயன்படுத்தினால், ஒரே நிரல் விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியிலும் லினக்ஸில் எளிய உரைக்கோப்பிலும் எழுதும். நிரலாளருக்கு வசதிதான், இடம்பெயரும் பயனருக்கு அன்று.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் ஒரே மதிலால் இணைத்த ஊர் செஞ்சி. பல தளங்களில் இயங்கும் மென்பொருளுக்கும் அத்தகைய இணைப்பு வேண்டும். மனிதரைச் சார்ந்த அமைப்புகள் எளிய உரைக்கோப்பில், யூனிகோடில், அறிவித்த இடத்தில் இருக்க வேண்டும். எடுத்துச் செல்லவும் திரும்பக் கொணரவும் பட்டியலிலேயே வழி வேண்டும்.

இது தமிழருக்குக் கூடுதலாகப் பொருந்தும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அகராதி பெரும்பாலும் ஆயத்தமாகக் கிடைக்கிறது. நாமோ வட்டார வழக்கையும் சங்கச் சொல்லையும் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறோம். பத்தாண்டு எழுதியவரின் சொற்பட்டியல் ஒரு சிறு அகராதியே. வட்டு பழுதானாலோ கணினி மாறினாலோ அது சுவடின்றிப் போகிறது. கட்டுரைகளைப் படியெடுத்து வைத்தவர்கூட இதை நினைப்பதில்லை.

லிப்ரே ஆபீஸில் எழுதுவோர் 'யூசர்' கோப்புறைக்குள் 'வேர்ட்புக்' என்பதைத் தேடுங்கள். அங்கிருக்கும் 'ஸ்டாண்டர்ட்.டிக்' வெறும் உரைக்கோப்பு. அதைப் படியெடுத்து வேறு தளத்தின் அதே இடத்தில் வைத்தால் உங்கள் சொற்கள் உங்களோடு வரும். இதைச் செய்யப் பயனர் ஒளிந்த கோப்புறைகளைத் துழாவ நேர்கிறது என்பதே என் குறை.