விழும் வித்தை

இரவுச் சாப்பாடு முடிந்து டெலிவிஷன் பெட்டியின் முன்னால் வீட்டார் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறரை அடி உயரமுள்ள ஓர் ஆசாமியை அவனைப் போன்ற மற்றோர் ஆசாமி தலைக்கு மேலே தூக்கித் தொப்பென்று போடுகிறான். விழுந்தவன் துடிக்கிறான், புரளுகிறான், பிறகு எழுந்து போட்டவனையே தூக்கிப் போடுகிறான். “ஐயோ பாவம்! முதுகெலும்பு என்ன ஆயிற்றோ?” என்கிறாள் பாட்டி. “எல்லாம் வெறும் நாடகம், அம்மா!” என்று சொல்லிவிட்டுத் தகப்பனார் பத்திரிகையைப் புரட்டுகிறார். பிள்ளையாண்டானோ, ‘நாமும் இதைக் கற்றுக் கொண்டால் என்ன?’ என்று யோசிக்கத் தொடங்குகிறான்.

பாட்டி சொல்வதும் சரி, தகப்பனார் சொல்வதும் சரி. பிள்ளையாண்டானுக்கு மட்டும் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொழில் மல்யுத்தத்தில் ஜயாபஜயம் முன்கூட்டியே தீர்மானமான விஷயம். இதில் இரகசியம் ஒன்றும் இல்லை. 1989-ம் வருஷத்தில், அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி ராஜ்யத்துச் சட்டசபையின் முன்னால், அத்தேசத்தின் மிகப் பெரிய மல்யுத்தக் கம்பெனியே, ‘இது போட்டியல்ல, கேளிக்கை’ என்று ஒப்புக் கொண்டது. அப்படி ஒப்புக் கொண்டால் சர்க்காரின் மேற்பார்வையும் வரியும் குறையும் என்பதுதான் காரணம். ஆனால் பூமியின் ஆகர்ஷண சக்தி அந்த உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. முடிவு நாடகமாக இருக்கலாம். இருநூறு ராத்தல் எடையுள்ள உடம்பு ஆறடி உயரத்திலிருந்து விழுவது நாடகம் அல்ல. ஆகையால், இத்தொழிலைப் பயில விரும்புகிறவன் முதன் முதலில் கற்க வேண்டியது எதிரியை எப்படி வீழ்த்துவது என்பதன்று. தான் எப்படி விழுவது என்பதுதான்.

தண்டாலும் பஸ்கியும்

விழுவதற்கு முன்னால் நிற்கத் தெரிய வேண்டும். பயிற்சிக் கூடத்தில் காலெடுத்து வைத்தவுடன் மேடையில் ஏற்றி விடுவார்கள் என்று எண்ணுகிறவன் ஏமாந்து போவான். முதல் சில வாரங்கள் உடம்பை உழுது பண்படுத்துவதிலேயே கழியும்.

நம்மவர்கள் சற்றுப் பெருமைப்படக் கூடிய விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. ஜப்பானிய மல்யுத்தக் கூடங்களில் புதிதாக வருகிறவனைச் சோதிப்பதற்கு நூற்றுக் கணக்கில் பஸ்கி எடுக்கச் சொல்வது வழக்கம். அப்பயிற்சிக்கு அங்கே வழங்கும் பெயரே ‘ஹிந்து ஸ்க்வாட்’ என்பதாகும். 1910-ல் லண்டனுக்குச் சென்று, ஸ்பிஸ்கோ என்ற போலந்து மல்லரைத் திணற அடித்த காமா பயில்வானின் தேகத்தை உருவாக்கியவை இதே தண்டாலும் பஸ்கியுந்தான். ஸ்பிஸ்கோவை 1928-ல் பாட்டியாலாவில் மறுபடி சந்தித்தபோது, ஒரு நிமிஷத்துக்குள் காமா அவரை மண்ணில் சாய்த்து விட்டார். பெல்ஜியத்தில் பிறந்து, இங்கிலாந்தில் விகன் நகரத்துக் கூடம் ஒன்றில் வித்தை பயின்ற கார்ல் காட்ச் என்பவர், ஜப்பானில் பலருக்கு ஆசானாக விளங்கினார். அவர் ஒரு சீட்டுக்கட்டை எடுத்துக் குலுக்கிக் கவிழ்த்து வைப்பார். புரட்டும் சீட்டின் ஜாதியைப் பொறுத்துத் தண்டாலா, பஸ்கியா என்று தீர்மானம். சீட்டின் எண்ணைப் பொறுத்துத் தொகை. கட்டு முழுவதும் தீரும் வரையில் சீடன் நிற்கக் கூடாது. சீட்டாட்டத்தினால் உடம்பு தேறிய கதை உலகத்தில் இது ஒன்றுதான்!

இவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். களைத்துப் போனவன் தவறு செய்கிறான். தவறு செய்கிறவன் தன் கழுத்தை மட்டுமல்ல, அடுத்தவன் கழுத்தையும் முறித்து விடுகிறான். மூச்சுப் பலம் இத்தொழிலில் அழகுக்காக அல்ல, பத்திரத்துக்காகவே வேண்டியிருக்கிறது.

முதல் பாடம்

நமது கோதாக்களில் மண்ணைக் கொத்திப் பொடியாக்கி, எண்ணெயும் மோரும் மஞ்சளும் கலந்து பதப்படுத்துவது உண்டு. அந்த மண் ஓரளவு தாயைப் போல் ஏந்திக் கொள்ளும். தொழில் மல்யுத்த மேடையில் அந்தத் தாட்சண்யம் கிடையாது. பதினெட்டு அல்லது இருபது அடிச் சதுரத்தில் இரும்புச் சட்டம். அதன் மேல் மரப் பலகைகள். பலகைகளின் மேல் மெல்லிய மெத்தை. அதன் மேல் இழுத்துக் கட்டிய கித்தான். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பஞ்சணை போலத் தோன்றும். முதல் தடவை விழுந்தவனுக்கு அந்த மயக்கம் தெளிந்து விடும்.

விழும் முறை இதுதான். முதலில் குந்தி உட்கார வேண்டும். மோவாயை மார்போடு சேர்த்து இறுக்கிக் கொள்ள வேண்டும். பிறகு பின்புறமாகச் சாய வேண்டும். முதுகின் மேற்பாகம் முழுவதும் ஒரே கணத்தில் பலகையில் பட வேண்டும். அதே கணத்தில் இரு கைகளும் உடம்பை விட்டுச் சற்று விலகி, உள்ளங்கை கீழ்நோக்கியபடி, பலகையைப் பளீரென்று அறைய வேண்டும். மூச்சையும் அப்போதே வெளியே விட்டுவிட வேண்டும். அடி ஓரிடத்தில் இறங்காமல் பரந்த இடத்தில் பகிர்ந்து போவதற்காகவே இத்தனை ஏற்பாடும். சபையோர் கேட்டு வியக்கும் ஓசையில் பெரும் பாகம் இந்தக் கைகளும் பலகையும் உண்டாக்குவதுதான்.

படிப்பதற்குச் சுலபமாயிருக்கிறது அல்லவா? ஆனால் மனிதன் பிறந்தது முதல் பழகிய சுபாவம் இதற்கு நேர் விரோதமானது. விழப் போகிறோம் என்று தெரிந்ததும் கை தானாகவே பின்னால் ஊன்றப் போகும். ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போயிற்று. பயத்தினால் தலை பின்னால் சாயும். சாய்ந்தால் மண்டையின் பின்புறம் பலகையில் மோதும். இந்த இரண்டு சுபாவங்களையும் வெல்வதற்காகவே ஒரே வீழ்ச்சியைப் பத்து, நூறு, ஆயிரம் என்று திருப்பித் திருப்பிச் செய்யச் சொல்கிறார்கள். முதல் வாரத்தில் கழுத்துத் தசைகள் இறுகிக் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்கக் கையின் உதவி வேண்டியிருக்கும். இதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. எல்லாரும் கண்ட அநுபவந்தான்.

கயிறும் கையும்

அடுத்த பாடம் கயிறு. மேடையைச் சுற்றியுள்ள மூன்று கயிறுகளின் மீது ஓடிச் சாய்ந்து துள்ளித் திரும்புவது விளையாட்டுப் போலிருக்கும். சில மேடைகளில் அவை முறுக்கிய கயிறு. சிலவற்றில் ரப்பர்க் குழாய் மூடிய இரும்புக் கம்பி. எதுவானாலும் சில நாளைக்கு விலாவிலும் புஜத்திலும் முதுகிலும் நீலக் கன்றல் கோடுகள் விழாமல் இரா. கயிற்றில் சாயும்போது மேல் கயிற்றை ஒரு கையால் பற்றிக் கொள்ளும்படி ஆசிரியர் வற்புறுத்துவார். கயிறு அறுந்தாலும் ஆள் வெளியே போய் விழாமல் இருப்பதற்காக ஏற்பட்ட முன்ஜாக்கிரதை அது.

பிறகு பிடிகள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெரும்பாலும் இடது புறமாகவே பிடி போடப் பழக்குவார்கள். மெக்ஸிகோவில் வலது புறம். முன்பின் பார்த்திராத இருவர் மேடையில் சந்தித்தாலும், எந்தக் கை எங்கே வரும் என்று ஒருவருக்கொருவர் தெரிந்திருப்பதற்கு இந்தச் சம்பிரதாயம் உதவுகிறது. தவிர, பிடிக்குள் இருக்கும்போது அடுத்து வரப் போவதைக் காதோடு காதாகச் சொல்வதும் உண்டு. துஷ்டன் வேஷம் போடுகிறவனே பெரும்பாலும் ஆட்டத்தை நடத்திச் செல்வான். கொடியவனாகத் தோன்றுகிறவனுக்குத்தான் எதிராளியைக் காப்பாற்றும் பொறுப்பு அதிகம் என்பது விசித்திரந்தான்.

இதுவே இவ்வித்தையின் உயிர்நிலை. தூக்கப்படுகிறவன் தன் உடம்பை மற்றவன் கையில் ஒப்படைக்கிறான். தூக்குகிறவன் அதை அடைக்கலப் பொருளாகப் பாவித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த உடன்பாடு குலைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்தில் உதாரணம் உண்டு. 1976 டிசம்பரில் கராச்சியில், காமாவின் சகோதரர் மகன் அக்ரம் பயில்வானும் ஜப்பானிய மல்லர் அன்டோனியோ இனோக்கியும் மோதினார்கள். விளையாட்டு நிஜச் சண்டையாக மாறிற்று. அக்ரமின் கை முறிந்ததோடு அது முடிந்தது.

சிட்சையும் கொடுமையும்

இனோக்கி 1972-ல் ஸ்தாபித்த ஜப்பானியக் கம்பெனியின் கூடம் டோக்கியோவில் இருக்கிறது. அங்கே சேரும் மாணவர்களை ‘இளஞ்சிங்கங்கள்’ என்று அழைப்பார்கள். சிங்கங்கள் கூடத்திலேயே தங்கி, தரையைத் துடைத்து, மூத்தவர்களுக்குச் சமைத்துப் போட்டு, துணியும் துவைக்க வேண்டும்! மேடை ஏறிய பின்னரும் சில வருஷங்கள் வெறும் கறுப்புக் கால்சட்டையும் கறுப்புப் பூட்ஸுந்தான். வர்ண வர்ணமான உடையும் விருதுப் பெயரும் பிற்பாடு வருகிறவை. நமது குருகுலத்தை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. அகங்காரம் கரையாதவனிடம் அடுத்தவன் உடம்பை ஒப்படைக்க முடியாது என்பதே இதன் தாத்பர்யம்.

ஆனால் சிட்சை வேறு, கொடுமை வேறு. தொழிலின் இரகசியத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக் கொண்டு, புதிதாக வருகிறவர்களை வேண்டுமென்றே அடித்து நொறுக்கிய ஆசான்கள் முற்காலத்தில் இருந்தார்கள். அதைத் தாங்கியவனே மல்லன் என்று பெருமை பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இப்பேச்சில் மயங்கலாகாது. 2001-ல் கலிபோர்னியாவில் ஒரு பயிற்சிக் கூடத்தில், தலையில் ஏற்கெனவே அடிபட்டிருந்த மாணவன் ஒருவன் பூரணமாகக் குணமாவதற்கு முன்பே மேடையில் ஏறினான். மறுபடியும் தூக்கிப் போடப்பட்டான், இறந்து போனான். 2005-ல் நீதிமன்றத்தில் ஜூரிகள் அக்கூடத்தின் பொறுப்பின்மையைக் கண்டித்து, பத்து லட்சம் டாலருக்கு மேல் நஷ்ட ஈடு கொடுக்கத் தீர்ப்பளித்தார்கள். போன உயிருக்கு டாலரில் விலை உண்டா?

ஆகையால் தலை சுற்றினால், கண் மங்கினால், வாந்தி வந்தால், அன்றே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். ‘கோழை’ என்று யாரேனும் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். ‘இன்று என்னால் இயலாது’ என்று சொல்லத் தெரிவதும் பாடத்தில் ஒரு பகுதிதான். நிஜமாகவே ஒருவனுக்கு அடிபட்டால், மத்தியஸ்தர் இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்துக் காட்டும் ஜாடை பெரிய மேடைகளிலேயே வழக்கத்தில் இருக்கிறது. 2010-ல் அமெரிக்கப் பெருங்கம்பெனி, தலையில் நாற்காலியால் அடிப்பதை அடியோடு தடுத்து விட்டது. பெரியவர்களுக்கே இவ்வளவு ஜாக்கிரதை வேண்டுமானால், மாணவனுக்கு எவ்வளவு வேண்டும்?

வித்தையில் தேர்ந்து விட்டால் அபாயம் நீங்கிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. விழும் கலையை ஜப்பானியர் ‘உகெமி’ என்பார்கள். அதில் மகா நிபுணர் என்று பெயர் பெற்றவர் மிட்சுஹரு மிசாவா. 2009 ஜூன் மாதத்தில் ஹிரோஷிமாவில், ஆட்டத்தின் நடுவே, பின்புறமாகத் தூக்கிப் போடப்பட்டவர் மறுபடி எழுந்திருக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 46. ஒவ்வொரு வீழ்ச்சியும் உடம்பின் கணக்கில் ஏறிக் கொண்டே இருக்கிறது. அந்தக் கடன்காரன் வட்டியைத் தள்ளிக் கொடுப்பதில்லை.

சேருவதற்கு முன்னால்

இதையெல்லாம் கேட்ட பிறகும் ஆசை தணியவில்லையானால், தடுக்க நாம் யார்? இப்போது இதற்காகக் கடல் கடந்துதான் போக வேண்டும் என்பதில்லை. ‘கிரேட் காளி’ என்று உலகம் அறிந்த தலிப் சிங் ராணா, 2015-ல் பஞ்சாபில் ஜலந்தரில் ஒரு கூடம் தொடங்கினார். அங்கே பயின்ற ஹரியானாப் பெண்மணி கவிதா தேவி, 2017-ல் அமெரிக்க மேடையில் சல்வார் கமீஸ் அணிந்தே இறங்கி, எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

சேர விரும்புகிறவர் முதலில் வைத்தியரிடம் இருதயம், கழுத்து, முதுகு மூன்றையும் பரிசோதித்துக் கொள்ளட்டும். பிறகு பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு நாள் முழுதும் கூடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும். ஆசிரியர் எங்கே, எத்தனை வருஷம் ஆடியவர்? மாணவன் விழும்போது அவர் கண் அவன் கழுத்தின் மேல் இருக்கிறதா, கைக்கடிகாரத்தின் மேல் இருக்கிறதா? பலகையும் கயிறும் உறுதியாக இருக்கின்றனவா? அடிபட்டவனை உட்கார வைக்கிறார்களா, உசுப்பி விடுகிறார்களா? ‘ஒரே மாதத்தில் மேடை ஏற்றி விடுகிறேன்’ என்று யாராவது வாக்குறுதி கொடுத்தால், அந்த இடத்தை விட்டு உடனே வெளியேறுவது உத்தமம். முதல் ஆட்டத்துக்குப் பல மாதங்கள், சில சமயம் ஒரு வருஷங்கூட ஆகும்.

பணத்தைப் பற்றியும் பிரமை வேண்டாம். தொடக்கத்தில் சிறு ஊர்களில் மேடை கட்டவும் பிரிக்கவும் உதவி செய்து, டிக்கெட்டும் விற்று, வழிச் செலவுக்குக் கிடைத்தாலே அதிர்ஷ்டம். அமெரிக்காவில்கூட மல்லர்கள் பெரும்பாலோர் சம்பள உத்தியோகஸ்தர்கள் அல்ல, ஒப்பந்தக்காரர்கள். ஆகவே கையில் வேறொரு தொழில் இருப்பது நலம்.

இத்தனை மாதப் பயிற்சியின் முடிவில் ஒருவன் தேறினானா என்று அறிவது எப்படி? அவன் எத்தனை பேரைத் தூக்கிப் போட்டான் என்று கணக்கெடுக்க வேண்டியதில்லை. அவனுடன் பயிலும் மாணவர்களைத் தனியே அழைத்துக் கேட்டால் போதும். “இவன் கையில் என் உடம்பைத் தைரியமாகக் கொடுப்பேன்” என்று அவர்கள் சொல்வார்களானால், அவன் மல்லனாகி விட்டான்.