0.70 வந்தால் போதுமா?

உளவியல் வினாக்கொத்து ஒன்றை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோன ஆய்வுகளை வாசித்தால், ஒரு வசனம் எப்படியும் வரும்: "குரோன்பாக் அல்பா 0.70இற்கு மேல், ஆகவே மொழிபெயர்ப்பு நம்பகமானது." முடிஞ்சுது, அடுத்த அத்தியாயம். எனக்கு அந்த "ஆகவே"யில்தான் சந்தேகம்.

உருதுவை எடுங்கோ. மொரிஸ் ரோசன்பேர்க் 1965இல் வெளியிட்ட தன்மதிப்பு அளவுகோலில் பத்தே பத்து வசனங்கள். ஐந்து தன்னை உயர்த்திச் சொல்பவை, ஐந்து தாழ்த்திச் சொல்பவை. நியூயோர்க் மாநிலத்துப் பள்ளி மாணவர்களை வைத்து உருவானது. அதைப் பாகிஸ்தானில் ஒரு வகுப்பறைக்குக் கொண்டுபோகும்போது பெயரிலேயே சிக்கல் தொடங்குது. உருதுவில் தன்மதிப்புக்கு வழங்கும் சொல் 'இஸ்ஸத்-ஏ-நஃப்ஸ்'. இஸ்ஸத் என்றால் குடும்பமும் ஊரும் சேர்ந்து காக்கிற மானம். நஃப்ஸோ, சமயப் பேச்சில் அடக்கவேண்டிய மனம். (நாங்கள் மட்டும் என்ன, 'சுயமரியாதை' எண்டவுடன பெரியார்தானே ஞாபகத்துக்கு வாறார்!)

எட்டாவது வசனம் இன்னும் மோசம். தன்மேல் இன்னும் கொஞ்சம் மதிப்பு இருந்தால் நல்லது என்று விரும்புகிறீர்களா என்பதுதான் அதன் சாரம். 'ஆம்' என்றால் தன்மதிப்புக் குறைவு என்று புள்ளி குறையும். ஆனால் அதை ஒரு நல்ல ஆசையாக வாசிக்கிற பிள்ளை, முன்னேற விரும்புறன் எண்டு நினைச்சுத்தான் 'ஆம்' போடும். 2005இல் 53 நாடுகளின் தரவுகளை ஒப்பிட்ட ஷ்மிட், அலிக் ஆய்விலும் இந்த வசனம் சில நாடுகளில் மற்ற ஒன்பதோடு ஒட்டவில்லை. இப்படி விழுகிற புள்ளியை வைத்துத்தான் ஒரு பிள்ளைக்கு 'தன்மதிப்புக் குறைந்தவர்' என்ற பெயர் விழுகிறது.

அல்பா இதைப் பிடிக்காதா? அது பார்ப்பது வசனங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பதை மட்டும். ஒரே கேள்வியைப் பத்து விதமாகக் கேட்டால் அல்பா சும்மா ஏறும். மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் 'ஆம்' போடுகிற மாணவர்கள் கூடினால், மொழிபெயர்ப்பில் பிழை இல்லாமலே இறங்கும். இரண்டு கிழமை கழித்துத் திரும்பக் கேட்கலாம்தான். பிழையாக விளங்கினவர் இரண்டாம் முறையும் அதே மாதிரித்தானே விளங்குவார்?

உருதுவில் இருந்து திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்க்கிற முறையையும் நான் பெரிசா நம்புறதில்லை. சொல்லுக்குச் சொல் போட்ட முரட்டு உருதுதான் திரும்பி வரும்போது அச்சொட்டாகப் பொருந்தும். பிள்ளைகள் பேசுகிற உருதுவில் எழுதினால் அங்கயும் இங்கயும் விலகும். அதோடு, உருது தேசிய மொழி என்றாலும் பாகிஸ்தானில் அதைத் தாய்மொழியாகக் கொண்டோர் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வீட்டில் பஞ்சாபியோ பஷ்தோவோ சிந்தியோ பேசுகிற பிள்ளை, பள்ளிக்கூட மொழியில் தன் மனசைச் சொல்லவேண்டி வருகிறது.

எட்டாவதைத் தூக்கினால் அல்பா கூடும் என்று கணினி பட்டியல் போட்டுக் காட்டும். கன பேர் அங்கேயே தூக்கிவிடுகிறார்கள். அதுக்கு முதல், அந்த வசனத்துக்கு 'ஆம்' போட்ட ஐந்தாறு பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இதை உங்கட சொல்லில, உங்கட வீட்டு மொழியில சொல்லுங்கோ" என்று கேட்கலாம். ஒரு பின்னேரம் போதும்.