விரலுலா

கைப்பேசியொடு வந்த பழக்கங்களை மாணாக்கர் கூறுங்கால், ‘ஸ்க்ரோல் பண்ணி’, ‘ஷேர் பண்ணி’ என வினையெல்லாம் ‘பண்ணி’லேயே முடங்குகின்றன. புதுச்சொற் படைப்போரோ நிறுவனங்கட்குப் பெயர் சூட்டுவதிலேயே இளைக்கின்றனர். வாட்ஸப்பைப் ‘புலனம்’ என்றனர்; மயிலாப்பூர்த் தேரடியில் அதனை எவரும் வழங்கக் கேட்டிலேம். ‘கீச்சு’ அத்தகையதன்று, கீச்சினான், கீச்சுவான் என வினையாய் நடக்கும். 2023-இல் டுவிட்டர் ‘எக்ஸ்’ எனப் பெயர் மாறிக் குருவியைத் துறந்தது; கீச்சோ நின்றது.

அம்முறையே யாமும் விளையாட்டாய் இரண்டு புனைந்தேம். முடிவின்றித் திரையைத் தள்ளுதல் ‘விரலுலா’ (உலாப் பாடிய புலவர் பொறுத்தருள்க!), விரலுலாவினாள் எனலாம். செய்தியைப் படித்தும் மறுமொழி விடாமை ‘படித்துறவு’. படித்துறந்தார் பலர் எம் நட்பினருள் உளர். பேராசிரியர் நகைத்தார். ஆயினும் சென்ற திங்கள் அடையாற்றுப் பேருந்தில், விலங்கியல் மாணவரொருவர் தம் தோழரை, ‘விரலுலாவியது போதும், இறங்கடா!’ என்று அதட்டக் கேட்டேம்.